சம்பளம் வாங்கும் மாணவர்கள்



ஆறாம் படிவத் தேர்வு முடிவு வந்த வாரத்தில் நம் வீடுகளில் ஒரு பேச்சு எழும். பிள்ளையை மேலே படிக்க வைப்பதா, வேலைக்கு அனுப்புவதா? படிக்கப் போனால் மூன்று நான்கு ஆண்டுகளுக்குப் பணம் வெளியே போகும். வேலைக்குப் போனால் அடுத்த மாதமே பணம் உள்ளே வரும். அப்பா ஒரு கணக்குப் போடுவார், அம்மா இன்னொரு கணக்குப் போடுவார். நடுவே பிள்ளை வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கும்.

எங்கள் வீட்டிலும் இது நடந்தது. என் தகப்பனார் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். கிராணியின் மேசைக்கு இந்தப் பக்கம் நின்றே வாழ்நாளைக் கழித்தவர். மேசைக்கு அந்தப் பக்கத்து நாற்காலியில் மகன் உட்கார வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. ஆகவே நான் அரசாங்க எழுத்தர் ஆனேன். பட்டம் பிற்பாடுதான் வந்தது. மாலை வகுப்புகளில், சொந்தக் காசில், பஸ் பிடித்து ஓடிப் படித்து, பதினோரு ஆண்டுகள் கழித்து வாங்கினேன். பகலில் அலுவலகத்தில் செய்த வேலைக்கும் இரவில் படித்த பாடத்துக்கும் எந்த உறவும் இல்லை. அதைப் பற்றி அப்போது யாரும் கவலைப்பட்டதும் இல்லை.

இந்தக் கேள்விக்கு ஜெர்மனியில் மூன்றாவதாக ஒரு விடை வைத்திருக்கிறார்கள். படிப்பும் வேண்டும், சம்பளமும் வேண்டும், படித்து முடித்ததும் உத்தியோகமும் வேண்டும் என்று கேட்கும் பிள்ளையிடம் அங்கே அரசாங்கமே, "வா, மூன்றும் தருகிறேன், ஆனால் என் விதிப்படி படி" என்கிறது. அந்த 'ஆனால்' என்ற சொல்லுக்குள் என்னென்ன அடங்கியிருக்கிறது என்பதைத்தான் இன்று நாம் பார்க்கப் போகிறோம்.

ஜெர்மனி என்றதும் நமக்குத் தொழிற்பயிற்சி நினைவுக்கு வரும். 1991-இல் தொடங்கப்பட்ட ஜெர்மன்-மலேசியக் கழகம் நம் காஜாங்கிலேயே இருக்கிறது. வாரத்தில் சில நாள் பட்டறையில் வேலை, சில நாள் பள்ளியில் பாடம் என்னும் இரட்டைத் தடப் பயிற்சி அந்த நாட்டில் மிகப் பழையது. தச்சரும் மின்பணியாளரும் அப்படித்தான் உருவாகிறார்கள். 1974-இல் இந்த முறையைப் பட்டப்படிப்புக்கும் கொண்டு போனார்கள். ஸ்டுட்கார்ட், மான்ஹைம் ஆகிய இரு நகரங்களிலும் தொழிற்கல்விக் கழகங்கள் அமைந்தன. மாணவர் மூன்று மாதம் வகுப்பில் இருப்பார், மூன்று மாதம் கம்பெனியில் இருப்பார். அவை வளர்ந்து 2009-இல் ஒரே உயர்கல்விக்கூடமாக ஆயின.

தனியார் கம்பெனிகளின் கதை இப்படி. அரசாங்கத்தின் கதை இதற்குச் சற்று முன்னாலேயே தொடங்கிவிட்டது. ஜெர்மனியில் அரசாங்க உத்தியோகம் நான்கு படிகளாகப் பிரிந்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே உள்ள படிக்குப் பல்கலைக்கழகத்தில் நீண்ட காலம் படித்த வழக்கறிஞர்களும் ஆய்வாளர்களும் வருவார்கள். அதற்கு அடுத்த படிதான் நிர்வாகத்தின் முதுகெலும்பு. வருமான வரியை மதிப்பிடுபவர், நிலப்பதிவேட்டில் உரிமையாளர் பெயரை மாற்றுபவர், முதியவருக்கு ஓய்வூதியம் எவ்வளவு என்று முடிவு செய்பவர், தூதரகத்தில் விசா விண்ணப்பத்தைப் பார்ப்பவர், நகராண்மைக் கழகத்தின் வரவு செலவைத் தயாரிப்பவர் எல்லாரும் இந்தப் படியைச் சேர்ந்தவர்கள். முன்பெல்லாம் இவர்கள் அலுவலகத்திலேயே பயிற்சி பெற்று, துறைத் தேர்வு எழுதி மேலே வந்தார்கள். 1970-களில் அந்த முறை மாறியது. 1976-இல் செய்யப்பட்ட சட்டத் திருத்தம், அன்றைய மேற்கு ஜெர்மனி முழுவதிலும் இந்தப் படிக்கு வருகிறவர்கள் உயர்கல்வி முறையில் மூன்றாண்டு படித்தே வர வேண்டும் என்று ஆக்கிற்று. படிப்பு பட்டப்படிப்பாக மாறியது. ஆனால் பழைய பயிற்சியாளர் சம்பளத்தை மட்டும் அவர்கள் நிறுத்தவில்லை. சம்பளத்தோடு பட்டம் என்னும் ஏற்பாடு இப்படித்தான் பிறந்தது.

இதற்கென்று தனிக் கல்லூரிகள் உண்டு. கூட்டரசுக்குரிய கல்லூரியின் தலைமையிடம் கொலோன் நகரத்துக்கு அருகே புரூல் என்னும் ஊரில் இருக்கிறது. அதன் கிளைகள் பல நகரங்களில் பரவியுள்ளன. சுங்கத்துக்கு மூன்ஸ்டர், கூட்டரசுக் காவல் படைக்கு லூபெக், இராணுவ நிர்வாகத்துக்கு மான்ஹைம் என்று துறைவாரியாகப் பிரித்திருக்கிறார்கள். வெளிநாட்டுச் சேவைக்குச் சேர்ந்தவர்கள் பெர்லினில் டேகல் ஏரிக்கரை மாளிகையில் படிக்கிறார்கள். மாநிலங்களும் தத்தம் கல்லூரிகளை வைத்திருக்கின்றன. பவாரியாவின் நிர்வாகக் கல்லூரி ஹோஃப் நகரில் இருக்கிறது. ரைன் நதியின் ஒரு கரையில் பிரான்சின் ஸ்டிராஸ்பூர்க், மறு கரையில் கேல் என்னும் சிற்றூர். அந்தக் கேல் கல்லூரியிலும் லுட்விக்ஸ்பூர்க் கல்லூரியிலும் படித்துத் தேறியவர்கள் பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலத்தில் எத்தனையோ ஊர்களுக்கு மேயர்களாக இருக்கிறார்கள். 1990-இல் இரு ஜெர்மனிகளும் ஒன்றான பிறகு கிழக்குப் பகுதி மாநிலங்களும் மைசன், கோத்தா, கூஸ்ட்ரோ முதலிய ஊர்களில் இத்தகைய கல்லூரிகளைத் தொடங்கின.

ஊர்ப் பெயர்கள் போதும். ஒரு பெண்ணை நினைத்துக் கொள்வோம். பத்தொன்பது வயது. ஊர் பொட்ரோப். ரூர் வட்டாரத்து நிலக்கரி ஊர் அது. ஜெர்மனியின் கடைசி ஆழ் நிலக்கரிச் சுரங்கம் 2018 டிசம்பரில் மூடப்பட்டதே, அது அந்த ஊரில்தான். தகப்பனார் சுரங்கத் தொழிலாளியாக இருந்து ஓய்வு பெற்றவர். தாயார் கடையில் வேலை செய்கிறார். அந்தக் குடும்பத்தில் இதுவரை யாரும் பட்டம் வாங்கியதில்லை. நம் தோட்டத்துப் பிள்ளை ஒன்றை அந்த இடத்தில் வைத்துப் பார்த்தாலும் கதை பெரிதாக மாறாது.

பல்கலைக்கழகத்துக்குப் போனால் அவளுக்குக் கட்டணம் கிடையாது. ஜெர்மனியின் அரசாங்கப் பல்கலைக்கழகங்கள் படிப்புக் கட்டணம் வாங்குவதை 2014-க்குள் எல்லா மாநிலங்களிலும் நிறுத்திவிட்டன. "அப்படியானால் என்ன கஷ்டம்?" என்று கேட்பீர்கள். கட்டணம் இல்லையே தவிர, வீட்டு வாடகை உண்டு, சாப்பாடு உண்டு, மருத்துவக் காப்புறுதி உண்டு. பெற்றோர் வருமானம் குறைந்த பிள்ளைகளுக்கு 1971 முதல் அரசாங்க உதவித் தொகை இருக்கிறது. ஆனால் அதில் பாதி கடன். வட்டி இல்லாத கடன்தான், முழுவதும் திருப்பித் தர வேண்டியதும் இல்லை. இருந்தாலும் கடன் என்ற சொல்லைக் கேட்டதும் சுரங்கத் தொழிலாளியின் வீட்டில் எப்படிப்பட்ட மௌனம் விழும் என்று நமக்குத் தெரியும்.

அவள் வரித் துறைக்கு விண்ணப்பம் போடுகிறாள். பள்ளி முடிவதற்கு ஏறக்குறைய ஓராண்டுக்கு முன்பே போட வேண்டும். மதிப்பெண் பட்டியலைப் பார்ப்பார்கள், தேர்வு வைப்பார்கள், நேரில் அழைத்துப் பேசுவார்கள். சிபாரிசுக் கடிதத்தை அங்கே யாரும் எதிர்பார்ப்பதில்லை. அரசாங்க மருத்துவர் உடல்நிலையைச் சோதிப்பார். நன்னடத்தைச் சான்றும் வேண்டும்.

தேர்ந்தெடுக்கப்பட்டால், முதல் நாளன்று அவள் கையில் ஒரு நியமனப் பத்திரத்தைக் கொடுக்கிறார்கள். இது வெறும் சடங்கு அன்று. அந்தத் தாள் கைக்கு வந்து சேரும்வரை சட்டப்படி நியமனம் நடக்கவில்லை என்று பொருள். அடுத்து அரசியல் சட்டத்துக்கு விசுவாசமாக இருப்பதாகப் பிரமாணம். ஆக, வகுப்பறைக்குள் நுழையும் முன்னரே அவள் அரசாங்க உத்தியோகஸ்தர். 'திரும்பப் பெறத்தக்க நியமனம்' என்று அதற்குப் பெயர். மாதச் சம்பளம் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபட்டாலும், பிடித்தம் போவதற்கு முன் சுமார் 1500 யூரோ என்று வைத்துக் கொள்ளலாம். ஓய்வூதியச் சந்தாவோ வேலையின்மைக் காப்புறுதிச் சந்தாவோ அதிலிருந்து பிடிப்பதில்லை. வருமான வரி உண்டு. வரி அதிகாரியாகப் படிக்கிறவரும் வரி கட்டியாக வேண்டும்!

படிப்பு 36 மாதம். அதில் 21 மாதம் கல்லூரி, 15 மாதம் வரி அலுவலகம். இரண்டும் மாறி மாறி வரும். வடரைன்-வெஸ்ட்பேலியா மாநிலத்துக்கு வரித் துறைக் கல்லூரி இருக்குமிடம் நோர்ட்கிர்ஹன் மாளிகை. 1703-இல் கட்டத் தொடங்கிய, நான்கு புறமும் அகழி சூழ்ந்த அரண்மனை. வெஸ்ட்பேலியாவின் வெர்சாய் என்று அதைச் சொல்வார்கள். அரண்மனையில் உட்கார்ந்து வரிச் சட்டம் படிப்பது வேடிக்கைதான். ஒரு காலத்தில் அங்கே வரிப் பணத்தை அனுபவித்தார்கள், இப்போது வரி வசூலிக்கக் கற்றுக் கொடுக்கிறார்கள்.

பாடங்கள் எளிதல்ல. வருமான வரி, விற்பனை வரி, கம்பெனிக் கணக்கு, சொத்து மதிப்பீடு, வரி நடைமுறைச் சட்டம் என்று அடுக்கடுக்காக வரும். மனப்பாடம் செய்து ஒப்பிப்பதற்கு இங்கே இடமில்லை. சட்டப் புத்தகங்களைத் தேர்வு மண்டபத்துக்குள்ளேயே கொண்டு போகலாம். ஒரு குடும்பத்தின் கதையைக் கேள்வித்தாளில் கொடுப்பார்கள்: கணவன் இன்ன வேலை, மனைவி இன்ன கடை வைத்திருக்கிறாள், தாத்தா ஒரு வீட்டை விட்டுப் போயிருக்கிறார், இவர்கள் எவ்வளவு வரி கட்ட வேண்டும்? எந்தப் பிரிவு, எந்த உட்பிரிவு, ஏன் என்று எழுத வேண்டும். மதிப்பெண் பதினைந்துக்கு; ஐந்து எடுத்தால் தேர்ச்சி. முதல் கட்டத்திலேயே ஒரு இடைத்தேர்வு உண்டு. அதில் தவறினால் இன்னொரு முறை எழுதலாம். அதிலும் தவறினால் மூட்டை கட்ட வேண்டியதுதான். 'திரும்பப் பெறத்தக்க' என்ற சொல்லின் கூர்மை அப்போதுதான் தெரியும்.

அலுவலகத்துக்குப் போகும் மாதங்கள்தான் இந்தப் படிப்பின் சாரம் என்பது என் எண்ணம். அங்கே அனுபவமுள்ள அதிகாரி ஒருவரின் பக்கத்து மேசையில் அவளை உட்கார வைக்கிறார்கள். உண்மையான கோப்பு, உண்மையான மனிதர். வேலைக்குப் போய்வரும் தூரத்துக்கு இவ்வளவு கழிவு என்று சட்டம் சொல்லும். வகுப்பில் அது ஒரு வாக்கியம். அலுவலகத்தில், முப்பது கிலோமீட்டர் பயணம் செய்வதாக எழுதியிருக்கும் மனிதரின் வீட்டுக்கும் தொழிற்சாலைக்கும் நடுவே எத்தனை கிலோமீட்டர் என்று பார்க்க வேண்டியிருக்கும். கூட எழுதியிருந்தால் ஏமாற்றா, தவறா என்று யோசிக்க வேண்டியிருக்கும். கணவனை இழந்து மூன்று மாதம்கூட ஆகாத ஒரு அம்மாளிடம் தொலைபேசியில் எப்படிப் பேசுவது என்று எந்தப் பிரிவிலும் எழுதவில்லை. அதைப் பக்கத்து மேசைக்காரர் பேசுவதைக் கேட்டுத்தான் கற்க வேண்டும். சில மாதங்களுக்குப் பிறகு மறுபடி வகுப்புக்கு வரும்போது அதே வாக்கியம் வேறுவிதமாகப் படிக்கக் கிடைக்கிறது. பதினோரு ஆண்டு பகலில் ஒன்றும் இரவில் ஒன்றுமாகப் பிளந்து கிடந்த எனக்கு, இந்த இடம்தான் மிகவும் பொறாமையாக இருக்கிறது.

தேறியவளுக்கு 'டிப்ளோம் ஃபினான்ஸ்விர்ட்' என்ற பட்டம். வரி ஆய்வாளராகப் பொறுப்பேற்று, வழக்கமாக மூன்றாண்டு தகுதிகாண் காலம். அதன் பின் ஆயுள் நியமனம். ஆயுள் நியமனம் பெற்றவரை மேலதிகாரிக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக வெளியேற்ற முடியாது. வேண்டுமென்றே செய்த குற்றத்துக்கு ஓராண்டு அல்லது அதற்கு மேல் சிறைத்தண்டனை பெற்றால் பதவி தானாகவே போய்விடும். மற்றபடி ஒழுங்கு நடவடிக்கை எடுத்து நிரூபிக்க வேண்டும்.

இப்போது அந்த 'ஆனால்' என்ற சொல்லுக்கு வருவோம். அதற்கு முன் என் சொந்தக் கதை ஒன்று.

என் அக்காள் மகனுக்கு உபகாரச் சம்பளம் கிடைத்தது. ஒரு நிறுவனம் கொடுத்தது, பெயர் வேண்டாம். வெளிநாட்டில் பொறியியல் படிப்பு. வீட்டில் ஆட்டுக்கறி விருந்து. ஜாமீன் கையெழுத்துக்கு அரசாங்க உத்தியோகத்தில் இருக்கும் மாமா வேண்டும் என்றார்கள். அக்காள் கேட்டால் மறுக்க முடியுமா? ஒப்பந்தம் பல பக்கம் இருந்தது. கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் கையெழுத்துப் போட்டேன். முன் பக்கங்களை நான் படிக்கவில்லை. அவனும் படிக்கவில்லை என்று பிறகு தெரிந்தது. படித்துத் திரும்பியவன் இரண்டாண்டு அங்கே வேலை செய்தான், பிறகு சிங்கப்பூரில் நல்ல வேலை கிடைத்தது என்று போய்விட்டான். எட்டு மாதம் கழித்துக் கடிதம் வந்தது, அவனுக்கு அன்று, எனக்கு. முழுத் தொகையும் கேட்டிருந்தார்கள். அவன் இரண்டாண்டு உழைத்ததற்கு அதில் ஒரு வெள்ளிகூடக் கழிக்கவில்லை. ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருக்கிறது என்றார்கள். எடுத்துப் பார்த்தேன், அப்படித்தான் இருந்தது. அவன் தவணையில் கட்டி முடித்தான். ஆனால் அந்த நாலு வருஷம் நானும் அக்காளும் ஒரே கல்யாண வீட்டில் வேறு வேறு வரிசையில் உட்கார்ந்தோம்.

பொட்ரோப் பெண்ணும் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவள்தான். படிப்பு முடிந்து ஐந்தாண்டு பணியில் இருக்க வேண்டும். தானாக விலகினால், படித்த காலத்தில் வாங்கிய சம்பளத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக் கட்ட வேண்டும். முழுவதும் அன்று, மாதந்தோறும் ஒரு குறிப்பிட்ட தொகையை உயிர்வாழ்வதற்கு என்று விட்டுவிட்டு, அதற்கு மேற்பட்டதை மட்டுமே கணக்கிடுகிறார்கள். அதிலும் ஒவ்வொரு முழு ஆண்டு பணிக்கும் ஐந்தில் ஒரு பங்கு குறையும். இரண்டாண்டு வேலை பார்த்து விலகினால் ஐந்தில் மூன்று பங்குதான் பாக்கி. மாமன் கையெழுத்தும் கேட்பதில்லை. கட்டுப்பாடு இருப்பது தவறு என்று நான் சொல்ல மாட்டேன். ஊர்ப் பணத்தில் படித்தவர் ஊருக்கு வேலை செய்ய வேண்டியதுதான். ஆனால் செய்த வேலையைக் கணக்கில் எடுக்கும் கட்டுப்பாடு ஒன்று, எடுக்காத கட்டுப்பாடு இன்னொன்று. 1998-இல் சிங்கப்பூரில் ஒப்பந்தத்தை முறித்த மாணவர்களின் பெயரை வெளியிடலாமா என்று நாடாளுமன்றம்வரை காரசாரமான விவாதம் நடந்தது சிலருக்கு நினைவிருக்கும். அப்போதும் பேச்செல்லாம் மானத்தைப் பற்றியும் நன்றியைப் பற்றியும்தான் நடந்தது.

அடுத்து, நேரம். பல்கலைக்கழக மாணவன் பருவ விடுமுறையில் ஊர் சுற்றலாம். காலை வகுப்புக்குத் தூங்கிப் போகலாம். இவள் சம்பளம் வாங்குகிறவள். வகுப்புக்கு வருவது கடமை. விடுமுறை என்பது உத்தியோகஸ்தருக்கு உள்ள ஆண்டு விடுப்பு மட்டுமே. பத்தொன்பது வயதில் தோழிகள் எல்லாம் ஸ்பெயினுக்கும் இத்தாலிக்கும் ரயிலேறும்போது இவள் கோப்பைத் திறந்து வைத்திருப்பாள். வேலைநிறுத்தம் செய்யும் உரிமையும் கிடையாது. நியமன உத்தியோகஸ்தர்களுக்கு அந்த உரிமை இல்லை என்று ஜெர்மனியின் அரசியல் சட்ட நீதிமன்றம் 2018-இல் தீர்ப்புச் சொன்னது. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் 2023-இல் அதைத் தவறென்று சொல்லவில்லை.

எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது பட்டத்தின் குறுகல். மூன்றாண்டு முழுதும் ஒரே துறை. நிலப்பதிவும் மரண சாசனமும் படித்த நீதிமன்ற அலுவலர் நாளைக்கு வங்கிக்குப் போக நினைத்தால் பலமுறை விளக்கம் சொல்ல வேண்டும். வரித் துறைக்காரருக்குச் சற்று நல்ல காலம். சில ஆண்டு அனுபவத்துக்குப் பின் வரி ஆலோசகர் தேர்வு எழுதி வெளியே தொழில் நடத்தலாம், அப்படிப் போகிறவர்கள் உண்டு. மற்றவர்களுக்குக் கதவு அவ்வளவு அகலமில்லை. வேலை கொடுப்பவரும் அரசாங்கம், பாடம் சொல்பவரும் அரசாங்கம், தேர்வு வைப்பவரும் அரசாங்கம் என்றால் மாணவன் எதிர்க்கேள்வி கேட்பானா? இந்தச் சந்தேகம் எனக்கு மட்டும் வந்ததல்ல. ஜெர்மனியின் அறிவியல் ஆலோசனை மன்றம் 1996-இலேயே இந்தக் கல்லூரிகளை அரசாங்கத் துறைகளின் பிடியிலிருந்து விடுவித்துப் பொது உயர்கல்வியோடு சேர்க்க வேண்டும் என்று சிபாரிசு செய்தது. பெர்லின் மாநிலம் தன் நிர்வாகக் கல்லூரியை 2009-இல் ஒரு பொது உயர்கல்விக்கூடத்தோடு இணைத்தது. பெரும்பாலான மாநிலங்கள் அசையவில்லை.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மேலதிகாரியின் உத்தரவு சட்டத்துக்குப் புறம்பானது என்று தோன்றினால் அதைச் சொல்வது உத்தியோகஸ்தரின் உரிமை மட்டுமல்ல, கடமை என்று அந்த நாட்டுச் சட்டம் விதிக்கிறது. முதலில் நேர் அதிகாரியிடம், அவர் கேளாவிட்டால் அவருக்கு மேலே உள்ளவரிடம் சொல்ல வேண்டும். இது அவர்களுக்குப் பாடத்திலேயே இருக்கிறது. ஹிட்லர் காலத்தில் உத்தரவுக்குத் தலையாட்டிய உத்தியோகஸ்தர்களால் என்ன நேர்ந்தது என்பதை அறிந்த நாடு அல்லவா? நீதிமன்ற அலுவலர்களுக்கு இன்னும் ஒரு படி மேல். 1970 முதல் நடப்பிலிருக்கும் சட்டப்படி அவர்கள் தம் முடிவுகளில் சட்டத்துக்கு மட்டுமே கட்டுப்பட்டவர்கள். இன்ன சொத்தை இன்னார் பேரில் எழுது என்று நீதிபதிகூட அவர்களுக்குக் கட்டளையிட முடியாது. பத்தொன்பது வயதில் சேர்ந்த பிள்ளை இருபத்து மூன்று வயதில் அந்த அதிகாரத்தோடு உட்காருகிறது.

"சரி, நம் பிள்ளைகள் அங்கே போய் இப்படிப் படிக்கலாமா?" என்று இந்நேரம் யாராவது கேட்டிருப்பீர்கள். முடியாது. நியமன உத்தியோகஸ்தர் ஆவதற்கு ஜெர்மன் குடியுரிமையோ ஐரோப்பிய ஒன்றிய நாடொன்றின் குடியுரிமையோ வேண்டும். சில துறைகளில் ஜெர்மன் குடியுரிமையே வேண்டும். நம் பிள்ளைகள் அங்குள்ள சாதாரணப் பல்கலைக்கழகங்களுக்குப் போகலாம். அங்கும் பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்களிடம் 2017 முதல் பருவத்துக்கு 1500 யூரோ வாங்குகிறது என்பதைக் குறித்துக் கொள்ளுங்கள்.

ஆனால் தமிழ்ப் பிள்ளைகள் யாருமே போக முடியாது என்று எண்ண வேண்டாம். 1983 கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து ஜெர்மனிக்குப் போய்ச் சேர்ந்த நம்மவர்கள் பல்லாயிரம். எஸ்ஸன், டோர்ட்முண்ட், ஹாம் என்று அந்த ரூர் வட்டாரத்திலேயே பலர் குடியேறினார்கள். 2000-ஆம் ஆண்டில் நடப்புக்கு வந்த சட்டம், முறைப்படி நெடுநாள் குடியிருக்கும் அந்நியரின் பிள்ளை அங்கே பிறந்தால் பிறப்பாலேயே ஜெர்மன் குடியுரிமை பெற வழி செய்தது. அந்தப் பிள்ளைகள் இப்போது பள்ளி முடிக்கும் வயதிலும் அதற்கு மேலும் இருக்கிறார்கள். பொட்ரோப் பெண்ணுக்குத் திறந்திருக்கும் கதவு அவர்களுக்கும் திறந்திருக்கிறது. அகதி விண்ணப்பத்தோடு மொழிபெயர்ப்பாளரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு அரசாங்க அலுவலக வரிசைகளில் நின்ற பெற்றோருக்கு, டாக்டர், எஞ்சினியர் தவிர இப்படியும் ஒரு வழி உண்டு என்பது தெரிந்திருக்க வேண்டும். அங்கே உறவினர் உள்ள நேயர்கள் அடுத்த முறை பேசும்போது சொல்லிப் பாருங்கள்.

இங்கேயும் இதற்கு ஒப்பானவை இல்லாமலில்லை. 1950-களில் மலாயா அரசாங்கம் இங்கிலாந்தில் லிவர்பூலுக்கு அருகே கெர்க்பியில் கல்லூரி வைத்து, செலவெல்லாம் ஏற்று ஆசிரியர்களைப் பயிற்றுவித்தது. சிங்கப்பூரில் ஆசிரியப் பயிற்சிக்கு எடுக்கப்படும் பட்டதாரிகள் பயிற்சியின்போதே சம்பளம் பெறுகிறார்கள். அங்கே 2017 முதல் வேலையும் படிப்பும் இணைந்த பட்டத் திட்டங்களும் நடக்கின்றன. பிள்ளை இவற்றில் எதற்கு விண்ணப்பித்தாலும் ஒப்பந்தத் தாளை வீட்டுக்குக் கொண்டு வரச் சொல்லுங்கள். இடையில் விலகினால் கட்ட வேண்டியது முழுத் தொகையா, செய்த ஆண்டுகள் கழியுமா? படித்து முடித்தபின் வேலை தர அவர்கள் தாமதித்தால் பிள்ளை எத்தனை மாதம் காத்திருக்க வேண்டும்? அந்தப் பட்டத்தை அந்த அலுவலகத்துக்கு வெளியே யார் ஏற்பார்கள்? இந்த மூன்றுக்கும் விடை எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று பிள்ளையே காட்டட்டும். காட்டிய பிறகு மாமாவைக் கூப்பிடலாம்.

அடுத்த வாரம் இதே நேரத்தில், மாலை வகுப்புகளிலும் அஞ்சல் வழியிலும் படிப்பவர்களைப் பற்றிப் பேசுகிறேன்.